கூம்பா, படலமா, குழாயா?

டிரைவர் என்றதும் ஸ்டீயரிங்கைப் பிடித்திருப்பவர்தான் பலருக்கு நினைவு வரும். ஸ்பீக்கர் உலகில் டிரைவர் என்பது வேறு. ஆம்ப்ளிஃபயர் அனுப்புகிற மின்சாரத்தை வாங்கிக்கொண்டு முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிற உறுப்புக்கு அந்தப் பெயர். பெட்டிக்குத் தேக்கில் வேலைப்பாடு செய்திருந்தாலும் சரி, விளம்பரத்தில் பத்துப் பட்டங்கள் போட்டிருந்தாலும் சரி, கடைசியில் காதுக்கு வந்து சேர்வது அந்த அசைவு மட்டும்தான். ஒரு கார் வாங்குகிற பணத்தை ஒரு ஜோடி ஸ்பீக்கருக்குக் கொடுக்கத் துணிந்தவரை முதலில் குழப்புவதும் அதுதான். காகிதக் கூம்பா? பெரிலியமா? வைரமா? ரிப்பனா? எலக்ட்ரோஸ்டேட்டிக் படலமா? குழாய் வைத்த ஹார்னா? ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்சி, ஒவ்வொரு கட்சிக்கும் தீவிரத் தொண்டர்கள். அவர்கள் வாதம் செய்வதைக் கேட்டால் தேர்தல் மேடை தோற்றுப்போகும்.

இவ்வளவு பணம் போட்டு இதை வாங்குபவர் யார் என்று யோசித்தால் விஷயத்தின் கனம் புரியும். பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர். பிள்ளைகள் படிப்பு முடிந்து, வீட்டுக் கடன் அடைந்து, இருபது வருடமாகத் தள்ளிப்போட்ட ஆசைக்கு இப்போதுதான் நேரம் வந்திருக்கிறது. இன்னொரு முறை வாங்கப் போவதில்லை. தவறான ஜோடி வந்து சேர்ந்தால் அது பதினைந்து வருடம் ஹாலில் நின்று முறைத்துக்கொண்டே இருக்கும். வீட்டில் உள்ள மற்றவர்களும் முறைப்பார்கள், அது வேறு கதை. ஆகவே இது வெறும் பொழுதுபோக்குச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

முதலில் கூம்பு. 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் ஒரு கட்டுரையில் விவரித்த அமைப்புதான் இன்றும் உலகின் பெரும்பாலான ஸ்பீக்கர்களுக்குள் இருக்கிறது. காந்தத்தின் இடுக்கில் ஒரு கம்பிச்சுருள், அந்தச் சுருளோடு ஒட்டிய ஒரு கூம்பு, கூம்பின் விளிம்பில் வளைந்து கொடுக்கிற ஒரு வளையம். சுருளில் மின்சாரம் ஓடினால் அது காந்தத்துக்குள் முன்னும் பின்னும் போகும், கூம்பும் கூடவே போகும். அவ்வளவுதான். நூறு வருடம் ஆகியும் இந்த அடிப்படை மாறவில்லை. விமானம், தொலைபேசி, கேமரா எல்லாம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்ட காலத்தில் இது கொஞ்சம் ஆச்சரியமான விஷயம்தான்.

அது நிலைத்ததற்குக் காரணம் பாஸ், அதாவது கீழ்ச்சுருதி ஒலி. ஒரே அளவு சத்தம் வேண்டுமென்றால், ஒலியின் அதிர்வெண் பாதியாகும்போது கூம்பு நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 240 ஹெர்ட்ஸில் ஒரு பங்கு அசைந்தால் 120-ல் நான்கு, 60-ல் பதினாறு, 30-ல் அறுபத்துநான்கு பங்கு. இவ்வளவு தூரம் போய்வர இடம் வேண்டும், தாங்கு சக்தி வேண்டும். கூம்புக்கு அது உண்டு. ஒரு நல்ல வூஃபர் கண்ணுக்குத் தெரியும்படியே உள்ளே வெளியே போய் வரும். போட்டியாளர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான்.

கூம்புக்கு வேறு இடத்தில் வியாதி. அதைத் தள்ளுவது நடுவில் ஒட்டிய சுருள் மட்டுமே. கீழ்ச்சுருதியில் கூம்பு முழுவதும் ஒரே துண்டாக நகரும். மேலே போகப் போக, நடு ஒரு பக்கம் போக விளிம்பு இன்னொரு பக்கம் போகும். தட்டில் தட்டினால் மணியடிப்பதுபோல் கூம்பு தன் சொந்த ஒலியைச் சேர்க்கும். இதை அடக்க இரண்டு வழிகள். அலுமினியம், பீங்கான், பெரிலியம் போன்ற விறைப்பான பொருளில் செய்தால் அந்த மணியோசை மிக உயரமான அதிர்வெண்ணுக்குத் தள்ளிப்போகும், ஆனால் அங்கே போய்க் கடுமையாக அடிக்கும். காகிதம், பாலிபுரோப்பிலீன் போன்ற சொதசொதப்பான பொருளில் செய்தால் சீக்கிரமே கூம்பு நெளியத் தொடங்கும், ஆனால் அந்த நெளிவு சத்தமில்லாமல் அடங்கிவிடும். இங்கிலாந்தின் பிபிசி ஆராய்ச்சிப் பிரிவு இரண்டாவது வழியில் போனது. அங்கே வேலை பார்த்த டட்லி ஹார்வுட் 1977-ல் ஹார்பெத் என்ற நிறுவனத்தைத் தொடங்கிப் பாலிபுரோப்பிலீன் கூம்பை ஸ்பீக்கருக்குள் கொண்டுவந்தார். விறைப்பை நம்பியவர்கள் 2000-களின் தொடக்கத்தில் பிரான்சின் ஃபோக்கல் நிறுவனத்தின் பெரிலியம் ட்வீட்டர், பிறகு இங்கிலாந்தின் பி அண்ட் டபிள்யூவின் வைர ட்வீட்டர் வரை போய்விட்டார்கள். வைரம் என்றால் நிஜ வைரம்தான், ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது.

வைர ட்வீட்டர் 70,000 ஹெர்ட்ஸ் வரை நெளியாது என்பது அதன் பெருமை. நல்லது. ஆனால் இளம் காதுகளே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதில்லை. ஐம்பது, அறுபது வயதில் பலருக்கு 12,000-க்கு மேல் எதுவும் காதில் விழாது. அதாவது வைரத்துக்குப் பணம் கொடுக்கக்கூடிய வயது வரும்போது, வைரம் வேலை செய்கிற உயரத்தைக் கேட்கும் காது போய்விடுகிறது. அலுமினிய ட்வீட்டர்கூட அந்த எல்லைக்கு வெகு மேலேதான் நெளியும். நல்ல வைர ட்வீட்டர் நன்றாக ஒலிப்பது உண்மை. அதற்கு வைரம் காரணமா, அதைச் சுற்றியுள்ள மற்ற வடிவமைப்பு காரணமா என்பதுதான் கேள்வி.

இனி படலம். இதற்கு இங்கிலாந்தின் ஹன்டிங்டன் ஊரில் இருந்த பீட்டர் வாக்கரிடம்தான் போக வேண்டும். 1936-ல் அவர் தொடங்கிய சிறிய நிறுவனம் பின்னாளில் குவாட் என்ற பெயரால் அறியப்பட்டது. 1949-லேயே அவர் ரிப்பன் ட்வீட்டர் வைத்த ஒரு மூலை ஸ்பீக்கரைச் செய்து பார்த்திருந்தார். 1954-ல் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில், வார்ஃப்டேல் நிறுவனத்தின் கில்பர்ட் பிரிக்ஸ், மேடையில் இசைப்பவர்களையும் பதிவு செய்த ஒலியையும் மாற்றி மாற்றிக் கேட்க வைத்தபோது, ஆம்ப்ளிஃபயர் கொடுத்து உதவியவர் வாக்கர். அன்று அந்தப் பெரிய மண்டபத்தை நிரப்பியவை பிரிக்ஸின் கூம்புகள். அதைக் கிட்டே நின்று பார்த்த அதே மனிதர் இரண்டே வருடத்தில், 1956-ல், கூம்பே இல்லாத ஒரு ஸ்பீக்கரைக் காட்டினார். 1957-லிருந்து விற்பனைக்கும் வந்தது. பார்த்தவர்கள் அது அறையைச் சூடாக்கும் ஹீட்டர் என்று நினைத்தார்களாம். வளைந்த உலோகச் சல்லடையும் கீழே குட்டிக் கால்களுமாக அப்படித்தான் இருக்கும்.

அதற்குள் நடப்பது இதுதான். மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, இருபுறமும் ஓட்டையிட்ட தகடுகளுக்கு நடுவே, ஓரிரு மில்லிமீட்டர் இடைவெளியில் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். படலத்துக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னூட்டம். தகடுகளுக்கு இசையின் மின்னழுத்தம். ஒரு தகடு படலத்தை இழுக்கும்போது மற்றது தள்ளும். கூம்பை நடுவில் மட்டும் பிடித்துத் தள்ளுவதுபோல் இல்லாமல், இங்கே படலத்தின் ஒவ்வொரு புள்ளியும் ஒரே நேரத்தில் தள்ளப்படுகிறது. எடையோ சொல்லத் தேவையில்லை. 12 மைக்ரான் பாலியெஸ்டர் படலம் சதுர மீட்டருக்கு 17 கிராம்கூட இருக்காது. அதன் முன்னால் நிற்கிற ஒன்றரை சென்டிமீட்டர் காற்றே ஏறக்குறைய அவ்வளவு எடைதான். தள்ளுகிற பொருளுக்கும் தள்ளப்படுகிற காற்றுக்கும் இவ்வளவு நெருக்கம் வேறெந்த டிரைவரிலும் கிடைக்காது.

இப்படி ஒரு ஸ்பீக்கர் செய்யலாம் என்பது அதற்கு முன்பே பலருக்குத் தெரியும். படலம் ஒரு தகட்டை நெருங்கும்போது விசை கண்டபடி ஏறி ஒலி சிதைந்துவிடும் என்பதுதான் தடையாக இருந்தது. படலத்தின்மீது மிக அதிக மின்தடையுள்ள பூச்சைக் கொடுத்து, மின்னூட்டம் அங்குமிங்கும் ஓட நேரமில்லாமல் பூட்டி வைத்துவிட்டால் அந்தச் சிதைவு மறைந்துவிடும். வாக்கரும் அவரோடு வேலை செய்த டி.டி.என். வில்லியம்சனும் இதைத்தான் பயன்படுத்தினார்கள். எவ்வளவு எளிமையான தீர்வு பாருங்கள். பூச்சை நல்ல கடத்தியாகப் போட்டிருந்தால் கெட்டுப்போயிருக்கும். மோசமான கடத்தியாகப் போட்டதால் பிழைத்தது.

முதல் குவாடின் முன் உட்கார்ந்து தனிக்குரல் கேட்டவர்கள் அதை மறப்பதில்லை. பாடுபவர் மூச்சு இழுப்பது, வில் கம்பியைத் தொடும் கணம், பியானோ சாவியை விட்டபின் மெல்லத் தேய்கிற ஓசை, எல்லாம் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் இல்லாமல் காற்றில் நிற்கும். பெட்டியே இல்லையே, பெட்டி ஓசை எங்கிருந்து வரும்? அறுபது வருடத்துக்குப் பிறகும் அந்த நடுச்சுருதியைப் பலர் அளவுகோலாக வைத்திருப்பதில் மிகை இல்லை.

அதற்கு வாக்கர் கொடுத்த விலையும் சிறியதல்ல. படலம் அசைய ஓரிரு மில்லிமீட்டர்தான் இடம். மேலே பார்த்த நான்கு மடங்குக் கணக்கு இங்கே கழுத்தைப் பிடிக்கும். இன்னொன்று, படலத்தின் முன்னால் எவ்வளவு ஒலி போகிறதோ அவ்வளவும் எதிர்க் கட்டத்தில் பின்னாலும் போகிறது. கீழ்ச்சுருதியில் பின்னொலி விளிம்பைச் சுற்றி முன்னால் வந்து முன்னொலியை அழித்துவிடும். பாஸ் வேண்டுமென்றால் படலத்தை அகலமாக்க வேண்டும், அகலமாக்கினால் மேல்சுருதி டார்ச் விளக்குபோல் குறுகிப்போகும், இரண்டு அங்குலம் தலையைத் திருப்பினால் ஒலி மாறும். ஆர்வக்கோளாறில் சத்தத்தைக் கூட்டினால் படலத்துக்கும் தகட்டுக்கும் நடுவே பொறி பறந்து படலம் ஓட்டையாகும். குவாட் தன்னுடைய 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரோடு இதை விற்றதில் அர்த்தம் இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தின் சிறிய வரவேற்பறையில், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, ஒருவரோ இருவரோ நாற்காலியில் உட்கார்ந்து நால்வர் கூட்டிசை கேட்பதற்கான கருவி அது. ராயல் ஃபெஸ்டிவல் ஹாலுக்கு அவர் அதைத் தூக்கிப் போகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

டார்ச் விளக்குக் குறையைத் தீர்க்க வாக்கர் 1963-ல் உட்கார்ந்தார். ஸ்பீக்கர் கடைக்கு வந்தது 1981-ல்! ஈஎஸ்எல்-63 என்று தொடங்கிய வருடத்தையே பெயராக வைத்துவிட்டார்கள். தகடுகளைக் குளத்தில் கல் போட்டால் கிளம்பும் வளையங்கள்போல் பிரித்து, நடு வளையத்துக்கு முதலிலும் வெளி வளையங்களுக்குக் கொஞ்சம் கொஞ்சம் தாமதித்தும் சிக்னலை அனுப்பினார்கள். தட்டையான படலம், தனக்கு 30 சென்டிமீட்டர் பின்னால் ஒரே புள்ளியிலிருந்து ஒலி கிளம்புவதுபோல் நடந்துகொண்டது. பொறி பறக்காமலிருக்கப் பாதுகாப்புச் சுற்றும் வைத்தார்கள். பதினெட்டு வருடம் ஒரு குறையோடு மல்லுக்கட்டிய பொறுமைக்காகவே அந்த மனிதரை மதிக்கலாம். பாஸும் சத்தமும் அப்போதும் கூம்புக்கு ஈடாகவில்லை.

படலக் கட்சியின் மற்ற கிளைகள் பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் மினசோட்டாவில் 3எம் நிறுவனப் பொறியாளராக இருந்த ஜிம் வைனி, எலக்ட்ரோஸ்டேட்டிக்கின் ஒலியை உயர் மின்னழுத்தம் இல்லாமல் கொண்டுவர விரும்பினார். படலத்தின்மீது கம்பிகளை ஒட்டி, எதிரே காந்தப் பட்டைகளை வைத்தார். 1969-ல் மேக்னபேன் பிறந்தது. சுவர் பிளக் தேவையில்லை, விலையும் அடங்கும், ஆனால் ஆம்ப்ளிஃபயர் பலமாக இருக்க வேண்டும், பின்னொலிப் பிரச்சினையும் அப்படியேதான் இருந்தது. 1980-களில் அபோஜி என்ற நிறுவனம் ஆளுயர ரிப்பன்களைச் செய்தது. அதன் சின்டில்லா மாடல் ஒரு ஓம் தடைக்கு இறங்கும். சாதாரண ஆம்ப்ளிஃபயருக்கு அது கிட்டத்தட்ட ஷார்ட் சர்க்யூட். ஆஸ்கர் ஹைல் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் படலத்தை ஆர்மோனியத் துருத்திபோல் மடித்து, மடிப்புகளுக்கிடையே காற்றைப் பிதுக்கும் ட்வீட்டரைக் கொடுத்தார். இன்று பல கூம்பு ஸ்பீக்கர்களின் உச்சியில் அந்த மடிப்பு ட்வீட்டரைப் பார்க்கலாம். மேல்சுருதிக்கு நல்ல பொருள். ஒட்டுமொத்த ஸ்பீக்கரின் தலையெழுத்தை அது மாற்றிவிடாது.

படலத்துக்குப் பாஸ் வராது, கூம்புக்கு வரும். அப்படியானால் இரண்டையும் சேர்த்துவிட்டால்? 1950-களிலேயே அமெரிக்கர்கள் அகௌஸ்டிக் ரிசர்ச் நிறுவனத்தின் வூஃபரையும் ஜான்சன் எலக்ட்ரோஸ்டேட்டிக் ட்வீட்டரையும் சேர்த்து வைத்துக் கேட்டார்கள். பின்னாளில் கன்சாஸின் மார்ட்டின்லோகன் இந்தக் கலப்பையே தன் அடையாளமாக்கியது. இதில் அடிக்கடி சொல்லப்படும் புகார் ஒன்று உண்டு: கூம்பு வூஃபர் மெதுவானது, வேகமான படலத்தோடு ஓட முடியாது. கேட்க நியாயமாக இருக்கும், கணக்கில் நிற்காது. 40 ஹெர்ட்ஸ் ஒலி வினாடிக்கு நாற்பது முறைதான் அசைகிறது. அதற்கு மேல் வேகமாக அசைந்தால் அது 40 ஹெர்ட்ஸே இல்லை. உண்மையில் காதில் உறுத்துவது வேறு இரண்டு விஷயங்கள். உயரமான படலத்தின் ஒலி, தூரம் இரட்டிக்கும்போது சுமார் 3 டெசிபல்தான் குறையும். பெட்டி வூஃபரின் ஒலி 6 டெசிபல் குறையும். இரண்டு மீட்டரில் சமமாக இருந்த ஜோடி நான்கு மீட்டரில் பாஸ் இளைத்து நிற்கும். அடுத்தது அறை. ஐந்து மீட்டர் நீளமுள்ள அறையில் 34 ஹெர்ட்ஸ் ஒலி சுவருக்குச் சுவர் மோதி நின்றுகொண்டு போகமாட்டேன் என்கும். அந்த இழுவையைத்தான் 'மெதுவான பாஸ்' என்று வூஃபரின் தலையில் கட்டுகிறார்கள். முன்னும் பின்னும் மட்டும் ஒலிக்கிற படலம் பக்கச்சுவர்களை அவ்வளவாகச் சீண்டாது, அதனால் அறையும் கொஞ்சம் அமைதியாக இருக்கும். பழி கூம்புக்கு, குற்றம் சுவருக்கு.

ஹார்ன் கட்சியைக் கேலி செய்வது எளிது. கோயில் திருவிழாவில் மரத்தில் கட்டியிருக்கும் குழாய் ஸ்பீக்கரும் அதே குலம்தானே. சின்னப் படலம், அதன் வாயில் விரிந்துகொண்டே போகும் குழாய். குழாய் காற்றைப் படிப்படியாக விரிய விடுவதால் சின்ன அசைவே பெரிய சத்தமாகிறது. பக்கத்து ஊருக்குக் கேட்பதற்காகச் செய்ததை வைத்து வீட்டு ஹார்னை எடை போடக்கூடாது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் பால் கிளிப்ஷ் 1946-ல் விற்கத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச்சுவர்களையே குழாயின் கடைசிப் பகுதியாகப் பயன்படுத்திக்கொண்டது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் நூறு டெசிபலுக்கு மேல். குவாட் படலம் சுமார் 86. இந்த எண்களுக்கிடையே இருப்பது என்ன? இசைக்குழு உச்சத்தில் எழும்பும் 105 டெசிபல் ஒரு மீட்டரில் வேண்டுமென்றால், 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு எண்பது வாட் தேவை. 104 டெசிபல் ஹார்னுக்கு ஒன்றேகால் வாட் போதும். அசைவு குறைவு என்பதால் சிதைவும் குறைவு என்பது கிளிப்ஷின் வாதம், அது சரியான வாதம். டிரம்ஸில் கோல் விழும் அடி, ஊதுகருவியின் பாய்ச்சல், இவை ஹார்னில் வருவதுபோல் வேறெதிலும் வராது. குழாயின் வாயும் விளிம்பும் சரியாக அமையாவிட்டால் குரல் கையைக் குவித்துப் பேசியதுபோல் ஒலிக்கும். நல்ல ஹார்ன் செய்வது கடினம், பெரிதாகவும் இருக்கும். சின்ன, மலிவான, நல்ல ஹார்ன் என்பது கிடையாது.

ஆக, யார் சொல்வதைக் கேட்பது? இந்த இடத்தில் கட்சிக்காரர்களை விட்டுவிட்டுக் கனடாவுக்குப் போகலாம். அங்கே தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் ஃப்ளாய்ட் டூல் என்பவர் ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து ஆட்களைக் கேட்க வைத்தார். 1980-களின் நடுவில் அவர் எடுத்த ஒரு சோதனையில் நம் ஈஎஸ்எல்-63-ம் இரண்டு கூம்பு ஸ்பீக்கர்களும் இருந்தன. ஒரே ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேட்டபோது படலத்துக்குக் குறைந்த மதிப்பெண். ஜோடியாக, ஸ்டீரியோவில் கேட்டபோது மூன்றும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. ஸ்டீரியோவின் ஜாலம் குறைகளை மூடிவிடுகிறது என்பது இதிலுள்ள பாடம். கடையில் எப்போதும் ஸ்டீரியோவில்தானே கேட்கவைக்கிறார்கள்!

பிறகு டூல் ஹார்மன் நிறுவனத்துக்குப் போனார். 1994-ல் அவரும் ஷான் ஆலிவும் அந்த நிறுவனத்திலேயே வேலை பார்க்கும் நாற்பது பேரை வைத்து நான்கு ஸ்பீக்கர்களை முதலில் பார்க்காமலும், பிறகு பார்த்துக்கொண்டும் மதிப்பிடச் சொன்னார்கள். பார்க்காதபோது ஒரு சின்ன, மலிவான செட் நன்றாகவே தாக்குப்பிடித்தது. கண் திறந்ததும் அதன் மதிப்பெண் சரிந்தது, பெரிய அழகான பெட்டிகளின் மதிப்பெண் ஏறியது. ஒலியைப் பற்றி எல்லாம் தெரிந்த ஆட்களுக்கே இந்தக் கதி. வருடக்கணக்கில் செய்த இந்தச் சோதனைகளில் மீண்டும் மீண்டும் வந்த முடிவு ஒன்றே: நேராக நின்று கேட்கும்போது சமனாகவும், பக்கவாட்டில் போகும் ஒலியும் அதே சாயலோடு மெல்லக் குறைவதாகவும் இருக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலானவர்கள் விரும்புகிறார்கள். ஆலிவ் 2004-ல் வெளியிட்ட கணக்கீட்டில் விருப்பத்தின் சுமார் 30 சதவீதத்தைப் பாஸ் ஒன்றே தீர்மானித்தது. கூம்பு என்ன பொருளில் செய்தது என்ற கேள்வி அந்தக் கணக்கில் எங்கும் வரவில்லை.

பக்கவாட்டு ஒலிக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? வீட்டில் காதுக்கு வருவதில் பெரும்பங்கு சுவர், தரை, கூரையில் பட்டு வருவதுதான். ஸ்பீக்கர் நேராக ஒன்றும் பக்கத்தில் வேறொன்றும் சொன்னால் காது குழம்பும். பெரிலியம், வைரம், ரிப்பன் என்று பெயர் சொல்லி விற்கும்போது இந்த விஷயம் விலைச்சீட்டில் வருவதில்லை. ஒரு பெரிய வூஃபரிலிருந்து சின்ன ட்வீட்டருக்கு ஒலி கைமாறும் இடத்தில், பெரியது குறுகலாகவும் சின்னது அகலமாகவும் ஒலி வீசினால், அந்த இடம் எப்போதும் உறுத்தும். அதைச் சரிசெய்யும் வடிவமைப்பாளர் காகிதக் கூம்பிலும் நல்ல ஸ்பீக்கர் செய்துவிடுவார். சரிசெய்யத் தெரியாதவருக்கு வைரம் கொடுத்தும் பயனில்லை.

இதை வைத்துப் பார்த்தால் தேர்வு கொஞ்சம் தெளிவாகிறது. ஹால் சின்னது, ஸ்பீக்கர் சுவரை ஒட்டித்தான் நிற்க முடியும், சோபாவில் நான்கு பேர் உட்காருவார்கள், இசையோடு சினிமாவும் ஓடும் என்றால் நல்ல கூம்பு ஸ்பீக்கரைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டியதில்லை. படலத்துக்குப் பின்னால் குறைந்தது ஒரு மீட்டர் காலி இடம் வேண்டும். பின்னொலி சுவரில் பட்டுத் திரும்ப இரண்டு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்து, ஆறு மில்லி வினாடி தாமதித்து வரும்போதுதான் காது அதைத் தனியாகப் பிரித்து விசாலமாக உணர்கிறது. சுவரோடு ஒட்டி வைத்தால் எல்லாம் கூழாகிவிடும். ஹாலின் நடுவே ஆளுயரத் தட்டி இரண்டு நிற்பதை வீட்டில் உள்ளவர்கள் எத்தனை நாள் பொறுப்பார்கள் என்பதும் தொழில்நுட்பக் கேள்விதான்.

தனி அறை இருக்கிறது, கேட்பவர் ஒருவர், ஒரே நாற்காலி, விரும்பிக் கேட்பது குரலும் வயலினும் பியானோவும், சத்தம் பேச்சுக்குச் சற்று மேலே போதும் என்பவருக்குப் படலம் கொடுப்பதைக் கூம்பு கொடுக்காது. 'சோதனையில் மதிப்பெண் குறைவு' என்று அவரைப் பயமுறுத்தக்கூடாது. சோதனைக்கூடத்தில் பலபேர் பல இடங்களில் உட்கார்ந்து கேட்பதற்கு அது செய்யப்பட்டதே இல்லை. பெரிய அறையில் நாடக அரங்குபோல் வேண்டும் என்பவர் ஹார்ன் பக்கம் போகட்டும், ஆனால் மூலைகள் காலியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.

கேட்கப் போகும்போது செய்யவேண்டியவை கொஞ்சம். நன்றாகத் தெரிந்த குரல் ஒன்றை எடுத்துப்போக வேண்டும். ஒரு ஸ்பீக்கரை மட்டும் ஒலிக்கவிடச் சொல்லிக் கேட்க வேண்டும். எழுந்து போய்ப் பக்கத்து அறை வாசலில் நின்றும் கேட்க வேண்டும். அங்கே மனிதர் பாடுவதுபோல் இருந்தால் பக்கவாட்டு ஒலி சரி. இரண்டு ஜோடிகளை ஒப்பிடும்போது சத்தம் சமமா என்று கவனிக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எதுவோ அதுவே 'தெளிவாக' இருப்பதாக எல்லோருக்கும் தோன்றும். விற்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

கடைசியாக ஆயுள். கூம்பின் விளிம்பு வளையம் நுரையில் செய்ததென்றால் பத்து பதினைந்து வருடத்தில் உதிரும், ரப்பர் என்றால் நீடிக்கும். இரண்டையும் மாற்ற ஆள் கிடைப்பார். எலக்ட்ரோஸ்டேட்டிக் படலம் தூசியை இழுத்துக்கொள்ளும், கடலோர ஊரின் ஈரக்காற்றில் மின்னூட்டம் கசிந்து சத்தம் குறையும், பிளக் போட ஸ்பீக்கர் பக்கத்திலேயே மின்சாரம் வேண்டும். ரிப்பன் தொய்யும். அபோஜி 1990-களின் முடிவுக்குள் மூடப்பட்டதால், அதன் ரிப்பன் தொய்ந்தவர்கள் தனியார் பட்டறைகளைத் தேடிப் போனார்கள். குவாடின் முதல் மாடல் 1985 வரை தயாரானது. வாக்கர் 2003-ல் காலமானார். அந்தப் பழைய படலங்களைப் பிரித்துப் புதுப் பிளாஸ்டிக் இழுத்துக் கட்டிக் கொடுக்கும் ஆட்கள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் இருக்கிறார்கள். அப்படிப் புதுப்பித்த ஒரு ஜோடிக்கு, நாற்காலி ஒன்றே போட்ட அறை இருந்தால், பழைய 15 வாட் வால்வு ஆம்ப்ளிஃபயரே இன்றும் போதும்.